ஆள்மாறாட்டமும் சொந்தபந்தமும்

(மதுரையை அடுத்த திருமங்கலத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



தலைவர் அவர்கள் என்னைப்பற்றி ஏதேதோ புகழ்ந்து பேசிவிட்டார். நான் வக்கீலும் அல்ல, போலீசு இலாகாவில் இருந்தவனும் அல்ல, கம்ப்யூட்டர் படித்தவனும் அல்ல. மதுரையில் சின்னதாக ஒரு அச்சுக்கூடம் வைத்துக் கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அடித்துப் பிழைக்கிறவன். இந்த விஷயத்தைப்பற்றிப் பேச எனக்கு உள்ள யோக்கியதையெல்லாம், நான் இதில் ஒரு முறை ஏமாந்தேன் என்பதும், ஏமாந்ததைவிடப் பெரிய தப்பு ஒன்றை நானே செய்தேன் என்பதுமேயாகும். அந்தத் தப்பைப் பின்னால் சொல்லுகிறேன்.

பேச எடுத்துக்கொண்டது ஆள்மாறாட்டம். அதிலும் முன்பின் தெரியாத எவனோ செய்கிற ஆள்மாறாட்டம் அல்ல. நம் வீட்டில் கை நனைத்தவன், நம்மை அண்ணன் என்றும் மாமா என்றும் அழைக்கிறவன், நம் பெயரை எடுத்துக்கொண்டு போய்க் கடன் வாங்கினான் என்று நமக்குச் சந்தேகம் தட்டினால் நாம் என்ன செய்யவேண்டும் என்பதே இன்றைய கேள்வி.

பழைய காலத்தில் ஒருவன் பெயரை இன்னொருவன் திருடவேண்டுமானால் அதற்கு ஒரு உடம்பு வேண்டியிருந்தது. அண்ணன் நிலத்தைத் தம்பி விற்கவேண்டுமானால், அண்ணன் ஜாடையில் ஒரு ஆளைத் தேடிப் பிடித்து, வெள்ளை வேட்டி கட்டி, சப்ரிஜிஸ்திரார் முன்னால் நிறுத்தி, “நான்தான் இன்னார்” என்று சொல்லவைக்கவேண்டும். “ஆமாம், இவர்தான் இன்னார்” என்று சொல்ல இரண்டு சாட்சிகளையும் பிடிக்கவேண்டும். இத்தனை பேருக்கும் பிரியாணியும் சாராயமும் வாங்கிக்கொடுக்க வேண்டும். இன்று அந்தச் செலவெல்லாம் மிச்சம். ஒரு ஆதார் நம்பர், ஒரு பான் நம்பர், ஒரு போட்டோ, செல்போனுக்கு வருகிற ஆறு எண், இவ்வளவு இருந்தால் போதும். நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே உங்கள் பெயர் மட்டும் எழுந்துபோய்க் கடன் வாங்கிவிட்டு வந்துவிடும்.

இவ்வளவும் யாரிடம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பீரோச் சாவி எந்தப் பானைக்குள் கிடக்கிறது என்று டில்லியில் இருக்கிற திருடனுக்குத் தெரியுமா? நீங்கள் குளிக்கப் போயிருக்கும்போது உங்கள் செல்போனை எடுத்துப் பார்க்க அவனால் முடியுமா? உங்கள் தாயார் பெயர், பிறந்த தேதி, ரேஷன் கார்டு நகல் இவையெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் யாருக்கு இருக்கிறதோ அவர்களுக்கே இந்தக் காரியம் சுலபம்.

இது கலிகாலத்தின் கோலம் என்று சில பெரியவர்கள் சொல்லக்கூடும். கலிகாலத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வங்காளத்தில் ஹெர்ஷல் என்கிற வெள்ளைக்கார அதிகாரி, 1858-ல், ரோட்டுக்குச் சரளை கொடுக்க ஒப்பந்தம் எழுதிய ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கை முழுவதையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் மேல் பதித்து வாங்கினார். “இது என் கையெழுத்தல்ல” என்று பின்னால் அவர் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான். அதே அதிகாரி 1877-ல் ஹூக்ளி ஜில்லாவில், பென்ஷன் வாங்குகிறவர்களிடமும் பத்திரம் பதிய வருகிறவர்களிடமும் விரல் ரேகை வாங்க ஏற்பாடு செய்தார். பென்ஷன்காரர் செத்த பிறகும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருவர் வந்து பணம் வாங்கிப்போகும் பித்தலாட்டத்தைத் தடுப்பது அதன் நோக்கம். செத்தவர் செத்த சங்கதியை மறைத்து, அவர் பெயரில் வந்து நிற்பது தெருவோடு போகிறவனால் ஆகிற காரியமா? வீட்டோடு இருக்கிறவனால்தான் ஆகும்.

பிறகு 1897-ல் கல்கத்தாவில் ரேகைகளுக்கென்றே ஒரு காரியாலயம் வைத்தார்கள். லட்சக்கணக்கான ரேகைகளை வகைப்படுத்தித் தேடி எடுக்கும் கணக்கை உண்டாக்கியதில் அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு மிகப் பெரிது. ஆனால் அந்த முறைக்கு இன்றுவரை ஹென்றி என்ற துரையின் பெயரே வழங்குகிறது. பெயர்த் திருட்டைத் தடுக்கிற வித்தையிலேயே பெயர் திருட்டுப்போன வேடிக்கையைப் பாருங்கள்! கைரேகையைப் பார்த்து ஆயுசும் கல்யாணமும் சொல்லுகிறவர்கள் ஆயிரம் வருஷமாக நம் கையைப் பிடித்துக் காசு வாங்கினார்களே ஒழிய, ஒருவன் ரேகை இன்னொருவனுக்கு இராது என்ற ஒரே ஒரு உபயோகமான சங்கதியை அவர்களில் யாரும் நமக்குச் சொன்னதில்லை.

ரேகை என்றதும் இந்தப் பக்கத்துத் தோழர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். இங்கிருந்து மேற்கே போனால் பெருங்காமநல்லூர். 1920-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை வைக்கமாட்டோம் என்று நின்ற ஜனங்களின்மேல் போலீசார் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உட்பட 15 பேருக்கு மேல் செத்தார்கள். ஒரு ஜாதியில் பிறந்த காரணத்துக்காகவே ஒருவனைத் திருடன் என்று முன்கூட்டித் தீர்மானித்து, அவன் விரலை வாங்கிப் புஸ்தகத்தில் ஒட்டிவைத்த அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் ஒழிந்தது. ஒருவன் என்ன செய்தான் என்று பாராமல், அவன் யார் என்பதைக் கொண்டே குற்றவாளியாக்குவதுதான் அந்தச் சட்டத்தின் சாரம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் சொந்தக் கதையில் இது திரும்பவும் வரும்.

ரேகையையாவது திருடமுடியாது என்று நினைத்திருந்தோம். அந்த நினைப்பும் போயிற்று. தெலுங்கானாவில் பெத்தபள்ளி ஜில்லாவில் 2018-ல் சிம் விற்கிற ஒருவர், பத்திரப்பதிவு இலாகாவின் இணையப்பக்கத்தில் கிடந்த நிலப் பத்திரங்களிலிருந்து பெருவிரல் ரேகைகளை எடுத்து, ரப்பர் ஸ்டாம்பு போலச் செய்து, அந்த ரேகைகளை வைத்தே ஆயிரக்கணக்கான சிம்களை உயிர்ப்பித்துவிட்டார். எதற்காக என்றால், கம்பெனி அவருக்குக் கொடுத்திருந்த விற்பனைக் கணக்கை நிரப்புவதற்காகவாம்! நிலத்தை வாங்கினவர்களுக்கும் விற்றவர்களுக்கும் தங்கள் விரல் அங்கே வேலைபார்த்துக்கொண்டிருந்த சங்கதியே தெரியாது.

நம் நாட்டிலேயே நடந்த இன்னொன்றைச் சொல்லுகிறேன். விவசாயிகளுக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகக் கொடுப்பதென்று மத்திய சர்க்கார் 2019-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். 2020-ல் தமிழ்நாட்டில் பார்த்தால், நிலமே இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் அதில் விவசாயிகளாகியிருந்தார்கள். சுமார் ஐந்தரை லட்சம் பேர், 110 கோடி ரூபாய் என்று வேளாண்மை இலாகாச் செயலாளரே அப்போது சொன்னார். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பதின்மூன்று ஜில்லாக்களில் இது நடந்தது. எப்படி நடந்தது? அதிகாரிகளுடைய ரகசியச் சொல் தற்காலிக ஊழியர் கைக்குப் போயிற்று. அங்கிருந்து தரகர் கைக்கும் கம்ப்யூட்டர் கடைக்காரர் கைக்கும் போயிற்று. அவர்கள் கிராமத்தில் தெரிந்த முகங்களாக வந்து, “கொரோனாப் பணம் வருது, ஆதாரையும் பாங்குப் புஸ்தகத்தையும் கொடுங்க அப்பத்தா” என்று கேட்டார்கள். அப்பத்தாவும் கொடுத்தாள். பிறகு சர்க்கார் அந்தப் பணத்தைத் திரும்பப் பிடித்தபோது, கொடுத்தவள் அப்பத்தா. கமிஷன் தின்றவன் தரகன். இதில் அதிகாரியின் பெயரும் திருடப்பட்டது, அப்பத்தாவின் பெயரும் திருடப்பட்டது. இரண்டு திருட்டையும் செய்தவர்கள் அந்நியர்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

படிக்காத ஜனங்களிடத்தில்தான் இது நடக்கும் என்றும் எண்ணவேண்டாம். 2019 செப்டம்பரில் தேனி சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் ஒரு மாணவருக்காக நீட் பரீட்சையை மும்பையில் வேறொருவர் எழுதினார் என்று வழக்கு வந்ததே, அதில் மாணவரோடு கைதான தகப்பனார் ஒரு சர்க்கார் டாக்டர். பரீட்சைச் சீட்டில் இருந்த போட்டோவையும் கல்லூரியில் உட்கார்ந்திருந்த முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்தான் விஷயம் வெளியே வந்தது.

நிற்க. அந்நியன் திருடினால் நாம் சத்தம் போடுகிறோம். சொந்தக்காரன் திருடினால் ஏன் வாயை மூடிக்கொள்ளுகிறோம்? “வெளியே சொன்னால் குடும்ப மானம் போய்விடும்” என்கிறார்கள். யாருடைய மானம்? திருடினவன் மானமா, திருட்டுக் கொடுத்தவன் மானமா? கொழுந்தன் வாங்கின கடனுக்கு மதினி தாலிக்கொடியை அடகு வைத்துத் தவணை கட்டுகிறாள். கேட்டால், “ஊர் சிரிக்கும்” என்கிறாள். அவள் கட்டிய முதல் தவணையே, அந்தக் கடன் தன்னுடையதுதான் என்று அவள் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாக நாளைக்கு நிற்கும் என்பதை அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. உங்கள் பெயரில் உள்ள கடன் உங்களுடையது அல்லவானால், எழுத்தில் மறுக்காமல் ஒரு ரூபாய்கூட அதற்குக் கட்டாதீர்கள்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். இன்றைக்குக் கிராமங்களில் வாரக் கடனும் குழுக் கடனும் பெரும்பாலும் பெண்கள் பெயரில்தான். குழுத் தலைவியிடம் எல்லோருடைய ஆதார் நகலும் இருக்கிறது. வீட்டிலோ, மனைவியின் பெயரில் கடன் வாங்க மனைவியைக் கேட்கவேண்டும் என்றே பல புருஷர்களுக்குத் தோன்றுவதில்லை. “அவள் பெயர் என்ன, என் பெயர் என்ன, எல்லாம் ஒன்றுதானே” என்று தாராளமாகப் பேசுகிறார்கள். நிலப் பத்திரம் எழுதும்போது மட்டும் அந்த இரண்டு பெயரும் ஒன்றாவதில்லை! தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவு, இன்னொருவருடைய ரகசியச் சொல்லையோ அடையாளத்தையோ மோசமான எண்ணத்தோடு உபயோகித்தால் மூன்று வருஷம்வரை ஜெயில், ஒரு லட்சம்வரை அபராதம் என்கிறது. புருஷன் செய்தால் குற்றமல்ல என்று அதில் ஒரு வரியும் கிடையாது. அதற்கு மேலே, இந்தச் சட்டத்தில் உள்ள குற்றங்களைக் கோர்ட்டில் ராஜி செய்துகொள்ள வழி வைத்தவர்கள், பெண்ணுக்கு விரோதமாகச் செய்யப்பட்டதானால் ராஜிக்கு இடமில்லை என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இனி, சந்தேகம் வந்தவுடன் நம் ஜனங்கள் செய்வது என்ன? வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிறார்கள். குறி கேட்கிறார்கள். காசு வெட்டிப் போடுகிறார்கள். மதுரைப் பக்கத்தில் இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு ஹைக்கோர்ட்டு உண்டு. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பன் வாசல். அங்கே சிலைகூட இல்லை. பூட்டிய கதவும் பதினெட்டுப் படியும் சந்தனமும்தான். அதன் முன்னால் “நான் எடுக்கவில்லை” என்று சத்தியம் செய்தால் வழக்குத் தீர்ந்துபோகும்.

அந்தக் கதவு திறக்குமா, திறக்காதா என்ற விவாதத்துக்கு இப்போது நான் போகவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் போட்டோவை ஒட்டி, உங்கள் பெயரை எழுதி, கேமராவுக்கு முன்னால் கூசாமல் நின்று கடன் வாங்கத் துணிந்தவன், ஒரு பூட்டிய கதவுக்குப் பயப்படுவானா? அவன் கையில் சூடத்தை ஏந்திக்கொண்டு மூன்று முறை சத்தியம் செய்வான். பயப்படுகிறவன் யார்? ஒரு குற்றமும் செய்யாத பயந்தாங்குளிதான், “ஒருவேளை பிள்ளை குட்டிக்கு ஏதாவது ஆகிவிடுமோ” என்று படி ஏறமாட்டேன் என்பான். அவன்மேல் திருட்டுப் பழி விழும். ஆக, இந்தக் கோர்ட்டில் துணிந்தவனுக்கு விடுதலை, பயந்தவனுக்குத் தண்டனை.

இப்படியெல்லாம் மேடையில் பேசிக்கொண்டிருந்தவன்தான் நான். என் சங்கதியைக் கேளுங்கள்.

2024-ம் வருஷக் கடைசியில் ஒரு கடன் கம்பெனியின் வசூல்காரர்கள் இரண்டு பேர் என் அச்சுக்கூடத்துக்கு வந்தார்கள். நான் 86,000 ரூபாய் கடன் வாங்கியிருப்பதாகவும், நான்கு தவணை பாக்கி என்றும், கூடியிருந்த வாடிக்கைக்காரர்கள் முன்னால் கேட்டார்கள். வாழ்நாளில் தவணைக்கு ஒரு சைக்கிள்கூட வாங்காதவன் நான். அவமானத்தில் எனக்குக் கண் இருட்டிவிட்டது.

அந்த நேரம் என் அக்காள் மகன் எங்கள் வீட்டில் இருந்தான். வயது 24. பாலிடெக்னிக் பாதியில் நின்றவன். வேலை இல்லை. கொஞ்சம் கைமாற்றுப் பழக்கம் உண்டு. புதிதாக ஒரு செல்போன் வைத்திருந்தான். என் பீரோவை அவன்தான் திறந்து மூடுவான். இவ்வளவும் எனக்குப் போதுமாயிருந்தது. ஒரு காகிதம் பார்க்கவில்லை. ஒரு தேதி கேட்கவில்லை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவனை, தட்டில் சோறு இருக்கும்போதே, அக்காள் முன்னாலும் என் மனைவி முன்னாலும், “நீதானே?” என்று கேட்டேன்.

அவன் இல்லை என்றான். என் அக்காள் அழுதுகொண்டு, “அழகர்கோயிலுக்குப் போய்ச் சத்தியம் பண்ணிட்டு வா, உங்க மாமா நம்பட்டும்” என்றாள். அதற்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? “அந்தச் சத்தியமெல்லாம் மூடத்தனம்னு நம்ம மாமாதானே மேடையில பேசுறாரு. நான் எதுக்குப் போகணும்?” என்றான். தோழர்களே! அவன் சிறுபிள்ளையிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கூட்டங்களுக்கு வந்தவன். நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னான். அதைக் கேட்டு நான் என்ன முடிவுக்கு வந்தேன்? “பார்த்தாயா, சத்தியம் செய்யப் பயப்படுகிறான், இவன்தான் எடுத்திருக்கிறான்” என்று முடிவுக்கு வந்தேன்! கருப்பன் வாசலில் பூசாரி சொல்லுகிற தீர்ப்பை, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு என் வீட்டுக் கூடத்தில் நான் சொன்னேன். வேலை இல்லாதவன், படிப்பை விட்டவன், கடன் வாங்குகிறவன், ஆகவே திருடன். பெருங்காமநல்லூரில் ரேகை கேட்டவர்களின் கணக்கும் இதே கணக்குதானே? அவன் மறுநாள் விடியுமுன் பையை எடுத்துக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டான்.

அவன் போனதும் என் சந்தேகம் இன்னும் உறுதிப்பட்டது என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

வக்கீல் தோழர் ஒருவரிடம் போனேன். மருமகன்மேல் பிராது எழுதித் தரும்படி கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “ஆளை அப்புறம் பார்க்கலாம். கடன் எந்தத் தேதியில் ஆயிற்று, எந்த போன் நம்பரில் ஆயிற்று, பணமோ சாமானோ எங்கே போயிற்று, இந்த மூன்றையும் கொண்டுவாருங்கள்” என்றார். எனக்கு அந்த மூன்றில் ஒன்றும் தெரியாது. தெரியாத ஒன்றைத்தான் நான் அவ்வளவு நிச்சயமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் சொல்லிக்கொடுத்து நான் செய்ததை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

முதலில் வாசலை அடைக்கவேண்டும். யார் திருடினான் என்று தெரிவதற்கு முன்பே அடைக்கலாம். அதற்கு யாரையும் குற்றம் சொல்லவேண்டியதில்லை. ஆதாரில் விரல் ரேகையையும் கண் ரேகையையும் பூட்டிவைக்க ஒரு வசதி இருக்கிறது. பூட்டிவிட்டால் ரேகையை வைத்து யாரும் பணம் எடுக்கவோ சிம் வாங்கவோ முடியாது. வேண்டும்போது நாமே திறந்துகொள்ளலாம். அதே இடத்தில், கடந்த ஆறு மாதத்தில் நம் ஆதார் எந்தத் தேதி, எந்த நேரத்தில், யாரால் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கிறது. ஆதார்க்காரர்களின் போன் நம்பர் 1947, தமிழிலேயே பேசலாம். நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்ட சர்க்கார் 2023-ல் சஞ்சார் சாத்தி என்று ஒரு பக்கம் திறந்தார்கள். ஒருவர் பெயரில் ஒன்பது சிம்தான் இருக்கலாம் என்பது சட்டம். எனக்கு நான் வைத்திருப்பது ஒன்று. பட்டியலில் இருந்தது மூன்று.

இரண்டாவது, கடன் ஜாதகம். ஜோசியர் எழுதுகிற ஜாதகத்தைப்போல் அல்ல, இது உண்மையைச் சொல்லும். சிபில் முதலாக நான்கு கம்பெனிகள் நம் ஒவ்வொருவருடைய கடன் சரித்திரத்தையும் எழுதிவைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை முழு நகலை நமக்கு இனாமாகக் கொடுக்கவேண்டும் என்பது ரிசர்வ் பாங்கின் உத்தரவு. அதில் நாம் வாங்காத கடன் இருந்தால் மறுப்பு எழுதலாம். 30 நாளைக்குள் தீர்க்காவிட்டால் ஒவ்வொரு நாளைக்கும் 100 ரூபாய் நமக்குத் தரவேண்டும் என்றும் 2024 ஏப்ரல் முதல் ஏற்பாடு இருக்கிறது. அந்த நகலை வாங்கிப் பார்த்தேன். வசூல்காரர்கள் சொன்ன ஒரு கடன் அல்ல. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கடன் வாங்கி, ஒழுங்காகக் கட்டியும் முடித்திருந்தார்கள், ஆழம் பார்ப்பதற்காக.

மூன்றாவது, எழுத்து. கடன் கம்பெனிக்கு ஒரு கடிதம், “இது நான் வாங்கியது அல்ல, விண்ணப்பத்தின் நகலும், போட்டோவும், போன் நம்பரும், சாமான் போன விலாசமும் கொடுக்கவேண்டும்” என்று. கொடுத்ததற்குத் தேதியும் முத்திரையும் போட்டு ஒரு நகலை வாங்கிக்கொள்ளவேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும். அவர்கள் ஒரு மாதம் இழுத்தால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். பாங்குக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 1930 என்ற நம்பருக்குப் பேசவேண்டும். பணம் கை மாறுவதற்குமுன் சில சமயம் நிறுத்திவிடுகிறார்கள். பாங்குக்கும் மூன்று வேலை நாளைக்குள் தெரிவிக்கவேண்டும். ரகசிய எண்ணை நாமே சொல்லிக்கொடுத்திருந்தால், பாங்குக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் நம்முடைய நஷ்டம்தான் என்பது 2017 ஜூலையில் ரிசர்வ் பாங்கு போட்ட உத்தரவு. சொந்தக்காரனாயிற்றே என்று ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு வாரத்தின் விலை இதுதான்.

நான்காவது போலீசு. பிராதில் இரண்டு பகுதி இருக்கவேண்டும் என்றார் வக்கீல் தோழர். எனக்குத் தெரிந்தது இது, நான் சந்தேகிப்பது இது என்று தனித்தனியாக. சந்தேகத்தைத் தெரிந்ததாக எழுதக்கூடாது. பெயரே எழுதாமல், “அடையாளம் தெரியாத ஒருவர்” என்றும் பிராது கொடுக்கலாம். கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. ஜில்லாவுக்கொரு சைபர் கிரைம் ஸ்டேஷன் இருக்கிறது. இன்ன ஸ்டேஷன் எல்லையல்ல என்று திருப்பி அனுப்ப இப்போதைய சட்டத்தில் இடமில்லை. வாங்க மறுத்தால் போலீசு சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் மேலே மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டத்தில் ஆள்மாறாட்ட மோசடிக்கு 319-ம் பிரிவு. ஐந்து வருஷம்வரை தண்டனை.

இனி என் காகிதங்கள் வந்த கதை. விண்ணப்பத்தில் இருந்த போட்டோ என்னுடையதுதான். ஆனால் அது என் வீட்டுச் சுவருக்கு முன்னால் எடுத்ததல்ல. பின்னால் ஒரு நீலத் திரை தெரிந்தது. தேதியைப் பார்த்தேன். அன்றைக்கு என் மருமகன் ஊரிலேயே இல்லை. அவன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கூடவே கிடந்தான். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்! அந்தத் தேதியை முதல் நாளே கேட்டிருந்தால் அவன் தட்டில் இருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்திருப்பான்.

நீலத் திரையை எங்கே பார்த்தோம் என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு விளங்கிற்று. தொழில் உரிமத்தைப் புதுப்பிக்க ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருந்தேன். ஆதாரும் பான் கார்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். “அண்ணே, ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க” என்றான், சொன்னேன். “முதல்ல வந்தது ஏறலைண்ணே, இன்னொண்ணு வரும்” என்றான், அதையும் சொன்னேன். அந்த இரண்டாவது நம்பர்தான் 86,000 ரூபாய்.

அந்தக் கடைக்காரத் தம்பி யார் என்றால், நம் கூட்டங்களுக்கு நாற்காலி போட்டவன், துண்டறிக்கை கொடுத்தவன், ஜாதகம் பாராமல் கல்யாணம் செய்துகொண்டவன். அவன்மேல் எனக்கு எள்ளளவும் சந்தேகம் வரவில்லை. ஏன் வரவில்லை? அவன் நம்மவன் என்பதால். என் மருமகன்மேல் ஏன் வந்தது? அவன் உதவாக்கரை என்பதால். இரண்டுக்கும் ஆதாரம் ஒன்றுதான், அதாவது ஒன்றும் இல்லை.

பிராது கொடுக்கப் போனபோது சில தோழர்கள் தடுத்தார்கள். “நமக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்ளலாம், வெளியே தெரிந்தால் இயக்கத்துக்குக் கெட்ட பெயர், எதிரிகள் சிரிப்பார்கள்” என்றார்கள். மதினியிடம் குடும்பத்தார் சொல்லுகிற அதே வார்த்தைகளைத்தான் அவர்களும் சொன்னார்கள். நான் பிராது கொடுத்தேன். போலீசார் விசாரித்ததில் என் பெயரைப்போல் இன்னும் சிலர் பெயர்கள் அவன் கம்ப்யூட்டரில் இருந்தன. அதில் இரண்டு பேர் கணவனை இழந்த பெண்கள், உதவித்தொகைக்கு மனுப்போட வந்தவர்கள். நாங்கள் நமக்குள்ளே பேசித் தீர்த்திருந்தால் அந்த அம்மாள்களுக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? வழக்கு இன்னும் நடக்கிறது. கோர்ட்டு அவனைக் குற்றவாளி என்று சொல்லும்வரை அவன் குற்றவாளி அல்ல. ஆகவே கடைப் பெயரோ ஆள் பெயரோ நான் சொல்லப்போவதில்லை. என் கடன் ஜாதகத்திலிருந்து அந்தக் கடன் மூன்று மாதத்தில் நீக்கப்பட்டது.

திருப்பூருக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை, அவன் வேலை செய்கிற பனியன் கம்பெனி வாசலில் ஷிப்டு முடியும்வரை நின்றேன். வேறு வாசல் வழியாகப் போய்விட்டான். இரண்டாம் முறை வந்தான். டீக்கடையில் உட்கார்ந்து, காகிதங்களையெல்லாம் அவன் முன்னால் வைத்து, நடந்ததைச் சொல்லி, “மாப்பிள்ளை, தப்பு என்மேல்” என்றேன். அவன் ஒவ்வொரு காகிதமாக எடுத்துப் படித்தான். அந்த ஆஸ்பத்திரித் தேதி இருந்த பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, “இதெல்லாம் கிடைச்சதுக்கு அப்புறந்தான் நம்புறீங்க, மாமா” என்று சொல்லிவிட்டு டீக்கு அவனே காசு கொடுத்தான். அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறான். என் வீட்டுக்கு இன்னும் வரவில்லை.